முதல் பக்கம், மூன்றாவது வரி

அத்தியாயம் 14

விடுதியில் கொடுத்த காபியை எர்லீன் வெர்டின் ஒரு வாய்க்கு மேல் குடிக்கவில்லை.

"இதுக்குப் பேர் காபியா? பாத்திரம் கழுவின தண்ணி" என்று கோப்பையைத் தள்ளிவிட்டு, ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சிக்கரி கலந்த தூளை எடுத்தாள். அறையிலிருந்த சின்ன மிஷினில் இரண்டு முறை இறக்கி, கன்னங்கரேலென்று ஃபிளாஸ்க்கில் ஊற்றி மூடினாள். அப்போது காலை ஏழு மணி. பத்து மணிக்கு வாஷிங்டன் நாடாளுமன்றத்தின் குழு அறை ஒன்றில் அவளுடைய செத்துப்போன மகனின் பெயர் வாசிக்கப்பட இருந்தது.

லூசியானாவில் எங்கள் செயின்ட் ஆர்மாண்ட் ஊரில் பதினோரு மாதமாக வேறு பேச்சே கிடையாது. நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மத்திய அரசின் நீர்வழித் துறையில் ஆற்று மதகுகளையும் கரைகளையும் காக்க ஒரு பிரிவு உண்டு. சீருடை உண்டு, துப்பாக்கி உண்டு, ஆளைப் பிடித்து விலங்கு மாட்டும் அதிகாரமும் உண்டு. பெயர் மட்டும் வாட்ச்மேன் பிரிவு. நீராவிப் படகு ஓடிய காலத்தில் யாரோ ஒரு குமாஸ்தா வைத்த பெயர்; மாற்ற யாருக்கும் நேரமில்லை. எர்லீனின் கணவர் அல்சீட் அதில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர். ஷெரீஃப் ஆபீஸ்காரர்கள் அவரைப் பார்த்தால், "என்ன வாட்ச்மேன், ஆறு பத்திரமா இருக்கா?" என்பார்கள். அவரும் சிரித்து வைப்பார். அந்தச் சிரிப்பு எவ்வளவு கசக்கும் என்பது வீட்டுக்குள் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

மகன் க்ளோவிஸும் அதே வேலையில் சேர்ந்தான். போன ஏப்ரலில் ஆறு கரைக்கு மேல் ஏறியபோது, நாலாம் நம்பர் மதகில் ஓர் இறால் படகு சிக்கிக்கொண்டது. படகிலிருந்த இரண்டு பேரையும் க்ளோவிஸ் கரையேற்றினான். கயிறு அவன் காலைச் சுற்றி இழுத்தது. மூன்றாம் நாள்தான் கிடைத்தான். இருபத்தொன்பது வயது.

எங்கள் தொகுதி உறுப்பினர் டோர்செட் அம்மையார் சாவு வீட்டுக்கு வந்தார், அழுதார், போய் ஒரு மசோதா எழுதினார். வாட்ச்மேன் பிரிவு இனி நீர்வழிப் போலீஸ் பிரிவு ஆகும். அந்தச் சட்டத்துக்கு 'க்ளோவிஸ் வெர்டின் சட்டம்' என்று பெயர். இது முதல் பக்கத்தின் மூன்றாவது வரியில் அச்சாகியிருந்தது. எர்லீன் அந்தப் பக்கத்தை நாலாக மடித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். நவம்பரில் சகல புனிதர் நாளன்று ஊர் முழுக்கக் கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்தபோது, மகன் கல்லில் பெயருக்குக் கீழே ஒரு வரியைக் காலியாக விட்டுவைத்தாள். "வாட்ச்மேன்னு வெட்ட மாட்டேன். போலீஸ்னு வெட்டற அன்னிக்கு வெட்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள்.

இதெல்லாம் ஊருக்குத் தெரிந்தது. ஊருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அது மூத்த மகள் ஓடீலின் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

ஓடீல் அந்தப் பிரிவின் வயர்லெஸ் அறையில் வேலை பார்ப்பவள். யார் எத்தனை மணிக்கு எங்கே போனார், என்ன சொன்னார் என்று லாக் புக்கில் கையால் எழுத வேண்டும். பேச்சைப் பதிவு செய்யும் மிஷினெல்லாம் போலீசுக்குத்தான். வாட்ச்மேனுக்கு நோட்டும் பேனாவும் போதும் என்று விட்டுவிட்டார்கள். அன்று மாலை ஆறு மணி இரண்டு நிமிடத்துக்கு க்ளோவிஸ் வயர்லெஸ்ஸில் "பத்து-ஏழு" என்றான். டூட்டி முடிந்தது என்று அர்த்தம். கூடவே இன்னொன்றும் சொன்னான். அவள் அதை எழுதுவதற்குள் மதகிலிருந்து போன் வந்தது. ஆறு ஐந்துக்கு அவள்தான் தம்பியைத் திரும்பக் கூப்பிட்டு அங்கே போகச் சொன்னாள்.

அதற்கப்புறம் ஆறு இரண்டு என்ற வரியை அவள் எழுதவேயில்லை. லாக் புக்கின்படி க்ளோவிஸ் டூட்டியில் இருக்கும்போது அனுப்பப்பட்டு, டூட்டியில் செத்தான். உண்மைப்படி, டூட்டி முடித்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவனை அவனுடைய அக்கா சாவுக்குத் திருப்பி அனுப்பினாள்.

இன்றைக்கு அவள் சத்தியம் செய்து சாட்சி சொல்ல வேண்டும்.

*

நாடாளுமன்ற வாசலில் சோதனை போட்ட போலீஸ்காரர் ஃபிளாஸ்க்கைத் தூக்கிப் பார்த்தார்.

"இது உள்ள வராதும்மா."

"வெறும் காபிப்பா."

"காபின்னாலும் வராது."

"அப்ப நீயே ஒரு வாய் குடி. உங்க ஊர்ல பொறந்ததிலேர்ந்து நல்ல காபியே குடிச்சிருக்க மாட்டே, பாவம்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். போலீஸ்காரரும் சிரித்துவிட்டு, ஃபிளாஸ்க்கில் ஒரு சீட்டை ஒட்டி ஓரமாக வைத்தார். "திரும்பப் போறப்ப வாங்கிக்கோங்க."

அல்சீட் அந்த மனிதரின் தோள்பட்டைப் பட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். அறுபத்தாறு வயது, கழுத்தில் ஊரிலேயே கட்டிவிட்ட டை, கையில் பழைய தொப்பி.

"வாசல்ல நிக்கிறவனும் போலீஸ்தான்" என்றார் மெதுவாக. "தப்பாச் சொல்லல. நல்ல பையனாத்தான் இருக்கான். நான் முப்பத்தோரு வருஷம் இடுப்பளவு தண்ணியில நின்னேன், அதான்."

"இன்னிக்கு மாறிடும் அல்சீட், வாயை மூடிட்டு வா" என்று எர்லீன் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். பதினோரு மாதத்தில் அவள் குரலில் இவ்வளவு தெம்பை ஓடீல் கேட்டதில்லை. கைப்பையிலிருந்த சாட்சிக் காகிதத்தை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

குழு அறைக்கு வெளியே எர்லீன் கை கழுவப் போனாள். அப்பாவும் மகளும் பளிங்குச் சுவரோரம் தனியாக நின்றார்கள். அல்சீட் அதிகம் பேசுகிறவர் இல்லை. மகன் போன பிறகு அதுவும் குறைந்துவிட்டது. ஓய்வு பெற்ற பின்னும் தினமும் மாலையில் சமையலறையில் ஃபிரிட்ஜின் மேலிருந்த பழைய வயர்லெஸ் ரேடியோவைப் போட்டு, பிரிவில் பேசிக்கொள்வதைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பார். அடக்கம் முடிந்த மறுநாள் அதைக் கழற்றித் துணியில் சுற்றிப் படகுக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்துவிட்டார். அந்தச் சத்தத்தை அவரால் தாங்க முடியவில்லை என்று எல்லோரும் பேசாமல் விட்டுவிட்டார்கள்.

"ஓடீல்."

"என்னப்பா?"

"அங்க என்ன கேட்டாலும், பதில் சொல்றப்ப என்னைப் பாக்காதே. அம்மாவையும் பாக்காதே. மைக்கைப் பாரு. வயர்லெஸ் ரூம்ல எப்படி உக்காருவியோ அப்படி உக்காரு."

"ஏம்ப்பா அப்படிச் சொல்றீங்க?"

அவர் தொப்பியின் விளிம்பைத் தடவினார். "மூஞ்சியைப் பாத்தா சில பேச்சு வெளிய வராது, ஷா. அவ்வளவுதான்."

எங்கள் பக்கத்தில் பெற்றவர்கள் பிள்ளைகளை 'ஷா' என்றுதான் கொஞ்சுவார்கள். அப்பா அவளை அப்படிக் கூப்பிட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. அவள் மேற்கொண்டு கேட்பதற்குள் அம்மா திரும்பி வந்துவிட்டாள்.

*

ஓடீல் வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்தாள். உட்கார்ந்தாள். மேஜையில் அவள் முன்னால் ஒரு சின்ன விளக்குப் பெட்டி இருந்தது. ஐந்து நிமிடம் பேசலாம். பச்சை எரிந்தால் பேசு, மஞ்சள் வந்தால் முடி, சிவப்பு வந்தால் நிறுத்து.

எழுதிக் கொண்டுவந்ததை அப்படியே வாசித்தாள். ஆறு, மதகு, இறால் படகு, இரண்டு உயிர். எழுதியதில் பொய் எதுவும் இல்லை. ஒரு வரி இல்லை, அவ்வளவுதான். மஞ்சள் வரும்போது முடித்துவிட்டாள். பின்வரிசையில் அம்மா மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. டோர்செட் அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குழுத் தலைவர், "வேற கேள்வி இல்லைன்னா..." என்று ஆரம்பித்தார்.

"எனக்கு ஒரு கேள்வி இருக்கு" என்றார் பெல்நாப்.

இந்த மசோதாவை ஆரம்பத்திலிருந்து எதிர்க்கிற குழு உறுப்பினர் அவர். அவருக்குப் பின்னால் ஐந்து ஓட்டு உண்டு. அந்த ஆறு ஓட்டும் எதிராகப் போனால் மசோதா குழுவைத் தாண்டாது. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கறாரான ஆள்.

"உங்க தம்பிக்காக ரொம்ப வருத்தப்படறேன்மா. அவரோட துணிச்சலை நான் குறை சொல்லல. என் சந்தேகம் இந்தப் பெயர் மாற்றத்தைப் பத்தி. போலீஸ்காரன் வீட்டுல தூங்கறப்பவும் போலீஸ்காரன்தான். கண்ணெதிர்ல ஒண்ணு நடந்தா எழுந்து போயாகணும். வாட்ச்மேன் அப்படியில்ல. ஷிஃப்ட் முடிஞ்சுதுன்னா வீட்டுக்குப் போயிடலாம். தப்பில்ல, வேலையே அப்படி. பலகையில பேரை மாத்தினா ஆள் மாறிடுவானா?"

பெல்நாப் முன்னாலிருந்த மசோதாவைக் கவிழ்த்து வைத்தார்.

"நான் நேரடியாவே கேக்கறேன். உங்க பிரிவுல, டூட்டி முடிச்சதுக்கப்புறம் தண்ணியில இறங்கின ஒரே ஒரு ஆளைக் காட்டுங்க. என் ஓட்டை மாத்திக்கிறேன்."



அந்த அறையில் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவள் தான் ஒருத்திதான் என்று ஓடீல் நினைத்தாள். சொன்னால் முந்நூற்று நாற்பது வாட்ச்மேன்கள் போலீஸ் ஆவார்கள். சொன்னால் தம்பி டூட்டியில் சாகாதவன் ஆவான். மூன்றாவது வரியில் அவன் பெயர் நிற்காது. அவளுடைய வேலையும் நிற்காது. 'அப்படி யாரையும் எனக்குத் தெரியாது' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அம்மாவின் ஜெபப் புத்தகத்தில் இருக்கும் காகிதம் அப்படியே இருக்கும்.

அவள் திரும்பிப் பார்த்தாள். பார்க்காதே என்று சொன்ன அப்பா அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். மோவாயை லேசாக அசைத்தார். மைக்கைப் பார்.

அவள் மைக்கைப் பார்த்தாள்.

"ஒருத்தன் இருந்தான் ஐயா."

"யாரு?"

"என் தம்பி."

டோர்செட் அம்மையாரின் பேனா கீழே விழுந்தது.

"ஆறு ரெண்டுக்கு அவன் பத்து-ஏழு சொல்லிட்டான். டூட்டி முடிஞ்சுடுச்சு. நான் அதை லாக் புக்ல எழுதல. அப்புறமும் எழுதல. வேணும்னேதான் எழுதல. ஆறு நாலுக்கு மதகிலேர்ந்து போன் வந்துது. அடுத்த ஷிஃப்ட் ஆள் இன்னும் வரல. அப்போ ஷெரீஃப் ஆபீசுக்குச் சொல்லணும், அதுதான் விதி. நான் சொல்லல. முந்தின மாசம் ஒருதரம் கூப்பிட்டப்ப, 'ஏன், வாட்ச்மேனுக்குப் பயமா இருக்கா, துணைக்கு ஆள் அனுப்பவா'ன்னு கேட்டுச் சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை கேக்க எனக்கு இஷ்டமில்ல."

அவள் குரல் வயர்லெஸ் அறையில் பேசுவது போலவே தட்டையாக வந்தது. அப்படியே விட்டாள்.

"அதனால தம்பியைக் கூப்பிட்டேன். 'க்ளோவிஸ், போற வழிதானே, நாலாம் மதகுல ஒரு பார்வை பாத்துட்டுப் போயேன்'னேன். அவன் மாட்டேன்னு சொல்லியிருக்கலாம். டூட்டி முடிஞ்சவன் அவன். 'சரிக்கா'ன்னான். போனான்."

பெல்நாப் கண்ணாடியைக் கழற்றினார். அவர் குரல் இறங்கியிருந்தது. "டூட்டி முடிஞ்சுதுன்னு அவர் சொன்னது நிச்சயமா, அம்மா? வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கா?"

"இருக்கு ஐயா. 'பத்து-ஏழு, ஓடீல். அம்மாகிட்டச் சொல்லு, பசிக்குது'ன்னான்."

விளக்குப் பெட்டி எப்போதோ சிவப்புக்கு மாறியிருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

*

குழு மதியம் இரண்டு மணிவரை ஒத்திவைக்கப்பட்டது. வெளியே வந்ததும் சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒருவர் ஓடீலிடம் ஓர் அட்டையை நீட்டினார். நீர்வழித் துறையின் விசாரணை அதிகாரி.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வந்துடுங்கம்மா. லாக் புக்கை நாங்களே எடுத்துக்கறோம். அன்னிக்கு வயர்லெஸ்ல இதைக் கேட்ட வேற யாராவது இருக்காங்களா?"

"இல்ல. நான் மட்டும்தான்."

அவர் குறித்துக்கொண்டு போனார். அல்சீட் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

எர்லீன் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஓடீல் போய்ப் பக்கத்தில் உட்காரவில்லை, எதிரில் நின்றாள். அடிக்கட்டும் என்று நின்றாள். நீதான் கொன்றாய் என்று சொல்லட்டும் என்று நின்றாள்.

அம்மா நிமிர்ந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"பசிக்குதுன்னா சொன்னான்?"

"ஆமாம்மா."

"அன்னிக்குத் திங்கக்கிழமை."

"தெரியும்மா."

திங்கட்கிழமை என்றால் எங்கள் வீடுகளில் சிவப்பு பீன்ஸும் சோறும்தான். காலையிலேயே அடுப்பில் ஏற்றிவிடுவார்கள்.

"நான் அடுப்பைச் சின்னதா வச்சிட்டு சர்ச்சுக்குப் பூ வைக்கப் போனேன். ஆறரைக்கு வந்தேன். தட்டுல போட்டு மூடி வச்சேன். வரவேயில்ல. வெளிய எங்கயோ தின்னுட்டுச் சுத்தறான்னு நினைச்சேன். கோவமா வந்துது. கழுதை, வரட்டும்னு திட்டினேன்." கைப்பையின் வாரை இறுக்கி முறுக்கினாள். "ஏழே காலுக்குத்தான் ஆள் வந்து சொன்னாங்க. அதுவரைக்கும் என் பிள்ளையைத் திட்டிக்கிட்டு இருந்தேன்டி."

"அம்மா..."

"எனக்குச் சொல்லிவிட்ட சேதி அது. அவன் எனக்குச் சொன்ன கடைசிப் பேச்சு. பதினோரு மாசம் நீ வச்சிக்கிட்டே. நீ யாருடி அதை வச்சிக்க?"

"அதைச் சொன்னா பத்து-ஏழையும் சொல்லியாகணும்மா."

"சொல்லியிருக்கணும்!"

நடந்து போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எர்லீனுக்கு யாரைப் பற்றியும் கவலையில்லை. ஓடீலுக்கு அழுகை வந்தது. அழ உரிமை இல்லை என்று அடக்கிக்கொண்டாள். தம்பியை மதகுக்கு அனுப்பியதற்காக மகளை மன்னிக்கத் தாய் தயாராக இருந்திருப்பாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்த மூன்று வார்த்தையை மறைத்ததற்காக மன்னிக்க முடியவில்லை. எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

அந்த நேரத்தில்தான் டோர்செட் அம்மையார் வந்தார். உட்காரவில்லை.

"எர்லீன், சுத்தி வளைக்காம சொல்லிடறேன். பெல்நாப் வாக்கு மாறாத ஆளு, ஓட்டுப் போடுவாரு. மத்த அஞ்சு பேரும் அவர் பின்னாலயே வருவாங்க. ஆனா பதிவேட்டுல திருத்தம் வரப்போற ஒருத்தர் பேரைச் சட்டத்துல வைக்க முடியாதுன்னு தலைவர் சொல்லிட்டாரு. பேர் இருந்தா மசோதா விசாரணை முடியற வரைக்கும் நிக்கும். ரெண்டு வருஷம் ஆகலாம், வராமலே போகலாம். பேர் இல்லாட்டி இன்னிக்கே போயிடும். நீங்க சம்மதிச்சுத்தான் அந்தப் பேரை வச்சேன். நீங்க சொல்லாம எடுக்க மாட்டேன்."

எர்லீன் கைப்பையைத் திறந்து ஜெபப் புத்தகத்தை எடுத்தாள். திறக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டாள்.

"மொத்தம் எத்தனை பேர் அந்த வேலையில?"

"முந்நூத்தி நாப்பது."

"முந்நூத்தி நாப்பது அம்மா இருப்பாங்க." சற்று நேரம் புத்தகத்தின் அட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "எடுத்துடுங்க."

அல்சீட் ஜன்னலை விட்டுத் திரும்பவேயில்லை.

*

இரண்டு மணிக்கு மூவரும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். எர்லீன் நடுவில். மகள் பக்கம் திரும்பவில்லை. ஆனால் வேறு இடம் தேடி உட்காரவும் இல்லை.

டோர்செட் அம்மையார் தானே எழுதிய மசோதாவுக்குத் தானே திருத்தம் கொண்டுவந்தார். வாசிக்க வேண்டியது குழுவின் எழுத்தர். அவருக்கு எல்லா நாளும் ஒரே குரல்தான் போலிருக்கிறது.

"முதல் பக்கம், மூன்றாவது வரி. 'க்ளோவிஸ் வெர்டின்' என்ற சொற்களை நீக்குக."

அவ்வளவுதான். பிள்ளைக்குப் பெயர் வைக்க எர்லீனுக்கு ஒன்பது மாதம் ஆகியிருந்தது. எடுக்க ஒரு மூச்சுகூட ஆகவில்லை.

ஆதரிப்பவர்கள் 'ஆம்' என்று சொல்லுங்கள் என்றார் தலைவர். சொன்னார்கள். எதிர்ப்பவர்கள்?

"இல்லை" என்றது ஒரே ஒரு குரல். பெல்நாப். அவர் யாரையும் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அதனால் எதுவும் மாறவில்லை, திருத்தம் நிறைவேறியது. அடுத்து மசோதாவுக்கு ஓட்டு. அதில் அவரும் 'ஆம்' என்றார், கூடவே மற்ற ஐந்து பேரும். இனி இரண்டு அவைகளும் தாண்டினால் போதும்; இதற்கு மேல் எதிர்ப்பு இருக்காது என்று பேசிக்கொண்டார்கள். முப்பத்தோரு வருடமாக அல்சீட் காத்திருந்தது கண் முன்னால் நடந்தேறியது. அவர் கை தட்டவில்லை. தொப்பியை எடுத்து மடியில் கவிழ்த்து வைத்தார்.

கூட்டம் கலைந்து எல்லோரும் எழுந்தார்கள். எர்லீன் வாசல் பக்கம் போகவில்லை. நேரே முன்னால் நடந்தாள்.

அங்கே ஓரமாக ஒரு பெண்மணி சின்ன மிஷினை மூடிக்கொண்டிருந்தார். சுருக்கெழுத்தாளர். காலையிலிருந்து பேசியதையெல்லாம் ஒரு வார்த்தை விடாமல் அடித்தவர்.

"என்னம்மா வேணும்?"

"இதுல அடிச்சதெல்லாம் என்ன ஆகும்?"

"அச்சடிச்சு நாடாளுமன்ற நூலகத்துல வைப்பாங்க."

"யாரும் அழிக்க மாட்டாங்களா?"

"சத்தியம் பண்ணிச் சொன்னதை யாரும் அழிக்க முடியாதும்மா."

"என் பொண்ணு பேசினதுல என் பிள்ளை சொன்னது ஒண்ணு வரும். அது சரியா இருக்கா, பாத்துச் சொல்லுங்க."

அந்தப் பெண்மணி கடிகாரத்தைப் பார்த்தார். எர்லீனின் முகத்தைப் பார்த்தார். மிஷினைத் திறந்து, திரையில் மேலே தள்ளித் தள்ளித் தேடினார். ஓடீலும் அல்சீட்டும் பின்னால் வந்து நின்றார்கள்.

"இதோ." கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்தார். "பத்து-ஏழு, ஓடீல். அம்மாகிட்டச் சொல்லு, பசிக்குது."

எர்லீன் கண்ணை மூடிக்கொண்டாள். உதடுகள் மட்டும் அசைந்தன. அம்மா அதை மனப்பாடம் செய்கிறாள் என்று ஓடீலுக்குப் புரிந்தது. தயங்கித் தயங்கி அம்மாவின் முழங்கையைத் தொட்டாள். எர்லீன் உதறவில்லை.

"அப்படியில்ல" என்றார் அல்சீட்.

மூன்று பெண்களும் அவரைப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. திரையில் ஓடாமல் நின்ற அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணீர் மூக்கோரமாக இறங்கியது. அவர் அதைத் துடைக்கவில்லை.

"இப்படி மொட்டையாச் சொல்லல. சிரிச்சுக்கிட்டே சொன்னான்."

எர்லீன் மகளின் கையை மெல்ல விலக்கினாள். கணவர் பக்கம் முழுதாகத் திரும்பினாள். ரேடியோவைக் கழற்றித் துணியில் சுற்றி அவர் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போன நாள் அவள் முகத்தில் வந்து நின்றது.

"அல்சீட்" என்றாள். "அன்னிக்கு ஆறு மணிக்கு நீ அடுப்படியிலயா இருந்தே?"